நாலாயிரத்து ஒண்ணாவது பட்டம்

டிச. 9, திங்கள்

பனி. ஸ்கூட்டர் சீட் முழுக்க ஈரம். துடைக்கத் துணி தேடினதுலயே பத்து நிமிஷம் போச்சு. மாரெட்பள்ளியிலிருந்து சனத்நகர் போய்ச் சேர்றவரைக்கும் விரல் மரத்தே கிடந்தது. நாளைக்கு கிளவுஸ்.

இன்னைக்கு:
– லோட் டெஸ்ட், பதினோராவது தடவை
– காஸ் புக் பண்ணணும்
– ஷெரினுக்கு கிராஃப் நோட்டு
– அம்மாவுக்கு போன்

டெஸ்ட் 10.30-க்கு ஆரம்பம். வாடகைக்கு நாற்பது மெஷின். எங்கேயோ ஒரு பெரிய கூடத்துல வரிசை வரிசையா கம்ப்யூட்டர், க்ளவுட்னு பேரு. நான் இங்கே பட்டனைத் தட்டினா அங்கே நாற்பது எழுந்து நிக்கும். ஒவ்வொண்ணும் நூறு ஆட்டக்காரங்க மாதிரி நடிக்கும். மொத்தம் நாலாயிரம். எல்லாம் நான் எழுதின பொம்மைகள். நாலாயிரம் பொம்மையும் ஒரே நேரத்துல எங்க சர்வர்ல வந்து பட்டம் விடும், நூலை அறுக்கும். சர்வர் தாங்குதான்னு நான் பார்க்கணும். அவ்வளவுதான் வேலை. சேர்ந்து ஆறு மாசமாச்சு, இன்னும் அம்மாவுக்குப் புரிய வைக்க முடியல. "அப்போ நிஜமா யாருமே விளையாடலையா?" இல்லம்மா. "பொறவு நீ யாரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க?"

தாங்கல. சர்வர் ஒரு நொடிக்கு இருபது தடவை மொத்த வானத்தையும் கணக்குப் போடணும். எந்தப் பட்டம் எங்கே, எந்த நூல் எதை உரசுது. ஒரு கணக்குக்கு ஐம்பது மில்லிசெகண்ட். தாண்டினா பட்டமெல்லாம் விக்கல் எடுத்த மாதிரி குதிக்கும். 11.30 வரைக்கும் நாற்பதுலயே நின்னது. 11.50-க்கு எழுபது. 12-க்கு நூத்திப்பத்து. நிறுத்திட்டேன்.

இதுல ஒரு சின்ன விஷயம். நான் அனுப்பினது 4000. சர்வர் காட்டினது 4001.

ஃபணிகிட்ட கேட்டேன். சர்வர் முழுக்க அவர் எழுதினது, நாலு வருஷ உழைப்பு. திரும்பியே பார்க்காம, தெலுங்கு மரியாதையா ஒரு காரு போட்டு: "எண்ணுறதுல தப்பு இருக்கும், ரெஜினா காரு. ஒண்ணுதானே."

ஒண்ணுதான்.

பக்கத்து ஷெட்ல லேத் ஓட ஆரம்பிச்சா இந்த ஆபீஸ்ல யார் பேசறதும் கேக்காது. ஒரு கேம் கம்பெனியை ஏன் பட்டறைகளுக்கு நடுவுல வெச்சாங்கன்னு இன்னும் புரியல. உயரமான கூரை நல்லாயிருக்கு, அதை ஒத்துக்கறேன்.

காஸ் புக் பண்ணியாச்சு. கிராஃப் நோட்டு மறந்துட்டேன். பொண்ணு ஷெரின் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா.

டிச. 10, செவ்வாய்

கிளவுஸ் போட்டேன், வலது கை மட்டும் கிடைச்சது.

பன்னிரண்டாவது டெஸ்ட். 4000 அனுப்பினேன், 4001 இருந்தது. இந்தத் தடவை பட்டியல் மொத்தத்தையும் இறக்கி என் பொம்மைகளோட பேரையெல்லாம் கழிச்சேன். என் பொம்மைக்கெல்லாம் p0001, p0002ன்னு பேரு. கழிச்சதும் ஒரு வரி மிச்சம்.

summa

ஃபணி பார்த்துட்டுச் சிரிச்சார். "பார்த்தீங்களா? சம். டோட்டல். யாரோ மொத்தத்தை எழுத ஒரு வரி சேர்த்திருக்காங்க. லத்தீன்ல சும்மான்னா கூட்டுத்தொகைதான், ரெஜினா காரு." தேடிக் காட்டினார். உண்மைதான், லத்தீன்ல அப்படி ஒரு வார்த்தை இருக்கு. ஆபீஸ்ல ஒன்பது பேர், எல்லாருக்கும் அது சரின்னு பட்டது. தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

"ஃபணி, இது சும்மா. தமிழ். பேரு கேட்டா சொல்லுவோம்ல, ஒண்ணுமில்ல, சும்மா."

"லத்தீன்ல அர்த்தம் இருக்கே!"

எங்க ஊர்ல யாராவது "என்ன பண்றே"ன்னு கேட்டா லத்தீன்லயா பதில் சொல்லுவோம். விட்டுட்டேன். ஆனா ஒரு கூட்டுத்தொகை எப்படி 10.05-க்கு உள்ளே வந்து 12.40-க்கு வெளியே போகும்? யார் எப்போ வந்தாங்க, போனாங்கன்னு சர்வர் எழுதி வைக்கிற லாக்ல நேரம் இருக்கு. 12.40. சாப்பாட்டு நேரம்.

சர்வர் இன்னைக்கும் 11.50-க்குத் திணறிச்சு.

மாதவி மேடம் (கம்பெனி அவங்களோடது) சாயங்காலம் எல்லாரையும் நிக்க வெச்சுப் பேசினாங்க. ஜனவரி 10 வெளியீடு, சங்கராந்திக்கு முன்னாடி. தள்ளிப் போட முடியாது. டிசம்பர் 20-க்குள்ள நாலாயிரம் பேரைத் தாங்கலைன்னா வானத்தைத் துண்டு போட்டுடலாம். ஐம்பது ஐம்பது பேரா எண்பது சின்ன வானம்.

ஊர் மொத்தமும் ஒரே வானத்துல பட்டம் விடணும்கிறதுதான் இந்த ஆட்டமே. நாலு வருஷமா ஃபணி எழுதினது அந்த ஒரே வானத்தை. போறப்போ அவர் பைக்கை மூணு தடவை கிக் பண்ணியும் ஸ்டார்ட் ஆகல, நாலாவது தடவை உதைச்சது கிக் இல்ல, கோபம்.

டிச. 11, புதன்

பாஸ்!!

இரண்டு மணி நேரம் ஓடிச்சு. நாற்பது, நாற்பத்தொண்ணு, நாற்பது. ஒரு விக்கல் இல்ல. ஃபணி எழுந்து கையை உயர்த்தி "அஃபா!"ன்னு கத்தினார். இங்க பட்டத்தை அறுத்தா மொட்டை மாடியில கத்துற கத்தல். முனையில இருக்கிற கடையிலிருந்து டீயும் பிஸ்கட்டும் வந்தது. மாதவி மேடம் எனக்குக் கை குடுத்தாங்க.

நான் எண்ணிக்கையைப் பார்த்தேன். 4000.

சும்மா வரல.

வெளிய சொல்லல. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாலாயிரம் பொம்மைக்கு முதல் தடவையா என் ரிப்போர்ட்ல பச்சை நிறம். பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிட்டேன், டீயில பாதி விழுந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து பழைய லாக் எல்லாம் எடுத்து எழுதினேன், பன்னிரண்டு டெஸ்ட்டுக்கும். சும்மா இல்லாத நாள் ரெண்டு. ரெண்டும் பாஸ், ஆனா அப்போ ரெண்டாயிரம் பொம்மைதான், அதனால யாரும் கவனிக்கல. சும்மா இருந்த பத்து நாளும் ஃபெயில். அதுவும் சும்மா உள்ளே வந்து சரியா ஒண்ணேமுக்கால் மணி நேரத்துக்கு அப்புறம்.

நாலாயிரம் பேரைத் தாங்குது. ஒரு ஆளைத் தாங்கல.

ஷெரின்கிட்ட கேட்டேன்: "ஒருத்தரே ஒரு சர்வரைக் கவுக்க முடியுமா?" தமிழ்ல கேட்டேன், தெலுங்குல பதில்: "எவரு? ஹேக்கரா?" தெரியலடி. "கனுக்கோ மம்மி." கண்டுபிடிக்கணும்தான்.

டிச. 12, வியாழன்

இதை வரிசையா எழுதணும், இல்லைன்னா மறந்துடுவேன்.

10.05: சும்மா வந்தாச்சு. என் நாலாயிரமும் 10.30-க்கு. நான் என் போன்ல ஆட்டத்தைத் திறந்து ஒரு பட்டத்தை எடுத்தேன். இதுவரைக்கும் நான் விளையாடினதே இல்ல. வெட்கம்தான்.

அந்த ஆள் எங்கேன்னு லாக் சொல்லும், ஆனா வானத்துல போய்ச் சேரணுமே. பொம்மைகள் சும்மா விடுமா? ரெண்டு தடவை என் நூலை அறுத்துப் போட்டுச்சுங்க. நான் எழுதின பொம்மைதான், இப்படி ஒரு வெறி அதுக்கு எங்கேயிருந்து வந்தது?

11.40: பார்த்தேன். முதல்ல பட்டம் தெரியல, நூல்தான் தெரிஞ்சது. கீழேயிருந்து சாய்வா மேலே, மேலே, திரையை விட்டு வெளியே. அதைப் பிடிச்சுக்கிட்டு நானும் போனேன். பொம்மைகள் இருநூறு மீட்டர்ல சண்டை போடுதுங்க. அதுக்கு மேலே யாருமே இல்ல. அங்கே ஒத்தை மஞ்சள் பட்டம். யாரையும் அறுக்கல, யார்கிட்டயும் போகல. நூலை விட்டுக்கிட்டே இருக்கு.

அரட்டைக் கட்டத்துல எழுதினேன். இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

– யாரு நீங்க?

அரை நிமிஷம்.

– அப்பாடா. மூணு வாரத்துல இங்க முதல் கேள்வி
– தமிழா?
– ஹவ், தமிழ்தான். நீங்க நிஜமா?
– நிஜம்தான்
– நிரூபிங்க

எப்படி நிரூபிக்கிறது? அதையே திருப்பிக் கேட்டேன்.

– காலைல என்ன சாப்ட்டீங்க?
– ரவை உப்புமா. அடி பிடிச்சிருச்சு
– சரி. நம்பறேன்

பக்கத்துல ஃபணி, "அறுபது... எண்பது...!" எனக்குக் காதுல விழுது, ஆனா எழுந்திருக்க மனசில்ல.

– எதுக்கு இவ்ளோ உயரம் போறீங்க?
– மேல என்ன இருக்குன்னு பாக்கத்தான்
– என்ன இருக்கு?
– நீலம் முடிஞ்சு சாம்பல். அதுக்கும் மேல பட்டம் நடுங்குது. காத்தே இல்ல, ஆனா நடுங்குது. கைக்கு?

கைக்குன்னா இந்த ஊர் உருதுல ஏன். ஏன்னு எனக்குத் தெரியல. சொன்னேன். அப்புறம் நான் யார்னும் சொல்லிட்டேன், இது சோதனை சர்வர், மத்தவங்க எல்லாம் பொம்மைன்னும்.

– தெரியும். ரெண்டு வாரம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு

"நூத்தி முப்பது!"ன்னு ஃபணி. எல்லாம் உறைஞ்சு நின்னுடுச்சு. அவங்க பேரு கேக்கறதுக்குள்ள.

டிச. 13, வெள்ளி

ஃபணி முதல்ல நம்பல. அரட்டையை எடுத்துக் காட்டினேன். உப்புமா வரைக்கும் படிச்சுட்டு, "அடி பிடிச்சதா?"ன்னு கேட்டார்.

அப்புறம் அரை மணியில காரணம் வெளியில வந்துடுச்சு. போன சங்கராந்தி சமயத்துல எங்க ஆட்கள் ஒரு பார்க்ல நின்னு, பட்டம் விட வந்த நூறு பேர் போன்ல சோதனை ஆப் போட்டுக் குடுத்தாங்களாம். அந்தச் சோதனை முடிஞ்சுது, சர்வரோட முகவரியை மட்டும் யாரும் மாத்தல. இப்போ லோட் டெஸ்ட்டுக்கு அதே முகவரி. நூறு பேர்ல தொண்ணூத்தொன்பது பேர் அழிச்சுட்டாங்க. ஒருத்தங்க அழிக்கல.

திணறலோட காரணத்தை ஃபணியே பார்த்தார். நூல் எப்படி வளையுதுன்னு தெரியணும்னு மீட்டருக்கு ஒரு புள்ளி வெச்சிருக்கார். என் பொம்மைக்கு இருநூறு புள்ளி, அதுக்கு மேல விட நான் சொல்லிக் குடுக்கல. சும்மாவுக்கு நேத்து ஒன்பதாயிரம் புள்ளி. சாய்வா மொத்த வானத்தையும் குறுக்கே கடக்குற நூல். ஒவ்வொரு பொம்மையோட நூலையும் அந்த ஒன்பதாயிரத்தோட உரசிப் பார்க்கணும், நொடிக்கு இருபது தடவை.

நூலுக்கு ஒரு அளவு வைக்க அவருக்குத் தோணவே இல்ல. எனக்கும் தோணல. நான்தானே டெஸ்ட் எழுதினேன்? சண்டை போடுறவங்க, பயந்து ஓடுறவங்க எல்லாம் எழுதினேன். மேலே என்ன இருக்குன்னு பார்க்கிற ஆளை எழுதல.

ஃபணி: "சிம்பிள். அவங்களை பிளாக் பண்ணிடலாம். டெஸ்ட் பாஸ்."

"வெளியிட்ட அன்னைக்கு அவங்களை மாதிரி இருநூறு பேர் வந்தா?"

"நாலாயிரத்துல ஒருத்தர்."

"நூறுல ஒருத்தர், ஃபணி. நூறு பேருக்குத்தான் குடுத்தோம்."

லேத் சத்தம். அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னார்னு கேக்கல, உதடு மட்டும் அசைஞ்சது. நல்ல வார்த்தை இல்ல.

மத்தியானம் அரட்டைக் கட்டத்துல சும்மாவே மறுபடி எழுதினாங்க: பேர் வசந்தா. வீடு தார்நாகா. கால்ல பிளாஸ்டர், படி இறங்க முடியாது. நாளைக்கு வந்தா காபி.

டிச. 14, சனி

வெயில் நல்லா. வீட்டுக்காரர் ஜெபா ஷெரினை டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போனார், நான் தார்நாகாவுக்கு. முன்ன பின்ன தெரியாதவங்க வீடு, கைல கொய்யாப்பழம் ஒரு கிலோ. வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், ஒரு பிழையைப் பார்க்கவா வந்திருக்கேன், ஒரு ஆளைப் பார்க்கவா.

ஆராய்ச்சிக்கூடத்து குவார்ட்டர்ஸ், ரெண்டாவது மாடி. நாற்பத்தஞ்சு வயசிருக்கும். கட்டை முடி, ஒரு கால் ஸ்டூல் மேல. லேப்ல கருவிகளைப் பார்த்துக்கிற டெக்னிகல் ஆபீசர். அங்கேயே படியில சறுக்கி கணுக்கால் முறிஞ்சிருக்கு, ஆறு வாரம் லீவு. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. நாங்க பிஸ்கட் சாப்பிட்ட புதன்.

"மேடம், நான்..."

"மேடம் நக்கோ, வேணாம். வசந்தா. உக்காருங்க. காபி நீங்கதான் போடணும், பால் ஃப்ரிஜ்ல இருக்கு."

போட்டேன். வசந்தாக்கான்னு கூப்பிட்டேன், ஒத்துக்கிட்டாங்க. அப்பா டிஃபென்ஸ் வேலையா வந்தவராம், இவங்க பிறந்ததே இங்கதான். தமிழ் நல்லா வருது, நடுவுல ஹவ்வும் நக்கோவும் விழுது.

"முதல் ரெண்டு நாள் எல்லாருக்கும் ஹாய் சொன்னேன் தெரியுமா? உங்க ஆளுங்களும் ஹாய் சொல்லுச்சுங்க. சூப்பர்னு சொல்லுச்சுங்க. என்னடா இந்த ஊர்ல இவ்ளோ நல்ல ஜனமான்னு நினைச்சேன்."

அந்த ஹாயை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொட்டாவி விட்டுக்கிட்டே எழுதினது நான்.

"எப்போ தெரிஞ்சது?"

"நூல் அறுந்தா யாருக்கும் கோபமே வரல. அப்போ."

அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக் குடுத்தாங்க. கட்டம் போட்ட லேப் நோட்டு. தேதி, நேரம், என்ன பார்த்தாங்க. என் பொம்மைகளை மூணு வாரமா கவனிச்சு எழுதி வெச்சிருக்காங்க! ஐந்து வகைன்னு பிரிச்சிருக்காங்க:

1. பயந்தவங்க (பக்கத்துல பட்டம் வந்தா உடனே இடது பக்கம் ஓடுவாங்க, எப்பவும் இடது)
2. ரௌடி
3. சுத்திக்கிட்டே இருக்கறவங்க
4. ரௌடி பின்னாடி போறவங்க
5. அறுந்ததும் அதே இடத்துல மறுபடி எழும்பறவங்க

"சரியா?"

"சரி. ஆனா ஆறு வகை. ஆறாவதை விட்டுட்டீங்க."

"எது?"

"பாதி ஆட்டத்துல திடீர்னு காணாம போறவங்க. போன் வந்துடுச்சு, சிக்னல் போயிடுச்சு, அந்த மாதிரி. நூத்துக்கு மூணு பேர்."

நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. அங்கே அந்தப் பேர்கள் தனியா: p0318, p2207, p1140... பக்கத்துல தேதி.

"இவங்கதான் நிஜ மனுஷங்கன்னு நினைச்சேன். அடுப்புல ஏதாவது வெச்சிருப்பாங்க, வருவாங்கன்னு. சில பேருக்காகக் காத்துட்டும் இருந்தேன்."

ஸாரி சொன்னேன். அவங்க சிரிச்சுட்டாங்க. "கைக்கு ஸாரி? நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொல்றேன்." அந்தப் பக்கத்துல தலைப்பை அடிச்சுட்டு பேனாவால 6-ன்னு போட்டாங்க.

கிளம்பறப்போ உயரத்தோட கணக்கையும் காட்டினாங்க, ஒரு தாள்ல எழுதியும் குடுத்தாங்க. 2,600 மீட்டர்ல லேசா நடுக்கம். 5,000-ல கண்ணுக்குத் தெரியும். 9,000-ல பட்டம் ரெண்டா தெரியும். "எங்க லேப்ல ஒரு பழைய மீட்டர் இப்படித்தான், எண்ணு பெரிசானா கடைசி இலக்கம் ஆடும். அதுவா?"

ஃபணியைக் கேக்கணும்.

டிச. 16, திங்கள்

மறுபடி பனி. ஆட்டோ ஒண்ணு உரசிட்டுப் போச்சு, கண்ணாடி மட்டும்தான் திரும்பிச்சு.

காலையில என் பொம்மைகளை மாத்தினேன். நாலாயிரத்துல இருநூறு பொம்மைக்கு ஒரே வேலை: மேலே போ, யாரையும் தொடாதே. ஏழாவது வகை. ஓட்டினோம். ஏழு நிமிஷத்துல சர்வர் படுத்துடுச்சு.

மாதவி மேடம் பின்னாடியே நின்னாங்க. "இன்னும் நாலு நாள்."

ஃபணி ஒரு வரி எழுதினார். நூல் 300 மீட்டருக்கு மேல போகாது. மறுபடி ஓட்டினோம். நாற்பத்திரண்டு. பாஸ்.

"முடிஞ்சது"ன்னார். முடிஞ்சதுதான், தப்பு சொல்ல முடியாது. ஒரே வானம் தப்பிச்சது. வேற யாராயிருந்தாலும் கைதட்டுவாங்க. நான் மட்டும்,

"மேலே போறவங்க மண்டையில இடிச்சுக்குவாங்களே?"

"இடிச்சுக்கட்டும்! ஒரு ஆளுக்காக நான் நூலையே திரும்ப எழுதணுமா? ரெஜினா காரு, நீங்க டெஸ்டரா, அவங்க லாயரா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் உக்காந்துட்டேன். கண்ணு கரிச்சுது, பனியால இல்ல. அரை மணி கழிச்சு, வசந்தாக்கா எழுதின உயரக் கணக்கை மட்டும் அவர் மேஜையில வெச்சுட்டு வந்தேன். நடுங்குற இடம், எவ்வளவு நடுக்கம், எல்லாம். "இது ஏன்?"னு ஒரே கேள்வி எழுதினேன்.

சாப்பாடு: தயிர்சாதம், ஊறுகாய்.

3 மணிக்கு எட்டிப் பார்த்தேன். தன் மெஷின்ல அந்த ஒரு வரியை எடுத்துட்டு, போன்ல நூலை விட்டுக்கிட்டு இருந்தார் ஃபணி. மேலே, மேலே. 4.30-க்கும் அதே. 5 மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"நிஜமாவே நடுங்குது."

"ஆமா."

"நான் முன்னூறுக்கு மேல போனதே இல்ல. நாலு வருஷம். நானே எழுதின வானம்." நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு, "வசந்தா காரு நம்பர் குடுங்க. ஒன்பதாயிரத்துல ரெண்டா தெரியுதுன்னா இடது வலதாவா, மேல கீழாவான்னு கேக்கணும்."

அவர் போன் பேசினது நாற்பது நிமிஷம். தெலுங்குல ஆரம்பிச்சு உருதுவுல முடிஞ்சது. கடைசி இலக்கம் ஆடுறதுதானாம். அவங்க ஊகிச்சது சரி. ரொம்ப தூரம் போனா எண்ணுல நுணுக்கம் போயிடும், பட்டம் எந்த இடத்துல இருக்குன்னு அதுக்கே தெரியாது.

டிச. 17, செவ்வாய்

ஷெரினுக்கு இருமல். லீவு போடல, ஜெபா பார்த்துக்கிட்டார்.

ஃபணி யார்கிட்டயும் பேசாம எழுதறார். வெள்ளைப் பலகையில ஒரே ஒரு கோடு. நேரா இருக்கிற நூலுக்கு எதுக்கு மீட்டருக்கு ஒரு புள்ளி? ரெண்டு முனை போதும். வளையற இடத்துல மட்டும் புள்ளி வைக்கலாம். வசந்தாக்காவோட ஒன்பதாயிரம் புள்ளி நாற்பதா சுருங்கும். சொல்றப்போ எளிசு. காத்து அடிச்சா நூல் வளையும், மறுபடி நேராகும், அதுக்குள்ள எவனாவது வந்து உரசுவான். அதுதான் சிக்கல்.

மாதவி மேடம் என்னைத் தனியா கூப்பிட்டு: "வியாழன் சரியா வரலைன்னா அந்த ஒரு வரிதான். ஃபணிகிட்ட நீங்க சொல்லிடுங்க." சொன்னேன். தலையாட்டினார், கேட்டாரான்னு தெரியல.

டிச. 19, வியாழன்

காலை ஓட்டம் ஃபெயில். நூல் நேரானதும் ரௌடி பொம்மைகள் அறுக்கவே முடியாம முழிச்சுதுங்க. ஃபணி தலையில கை.

மத்தியானம் ஃபெயில். வேற காரணம், என்னோடது. பொம்மைக்குப் பழைய முகவரி குடுத்துட்டேன். ஒத்துக்கிட்டேன்.

4.10. நாற்பது மெஷின், நாலாயிரம் பொம்மை, அதுல இருநூறு பேர் மேலே போறவங்க. 39. 43. 46. ஒரு மணி நேரம். 46. ஒன்றரை மணி. 47. ஒண்ணேமுக்கால் மணிக்கு எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு... 46.

யாரும் அஃபா சொல்லல. ஃபணி நாற்காலியைப் பின்னாடி தள்ளி, கூரையைப் பார்த்தார். மாதவி மேடம், "ஒரே வானம். எழுதிக்கோங்க"ன்னாங்க. நடுக்கத்தை என்ன பண்றதுன்னு கேட்டதுக்கு ஃபணி, "ஒரு வாரம் ஆகும். இருக்கட்டும். மேலே போறவங்களுக்குப் பார்க்க ஏதாவது வேணும்ல."

நாற்பது மெஷினையும் அணைச்சேன். பட்டனைத் தட்டினா போதும், இருந்த இடமே தெரியாது.

டிச. 21, சனி

பழைய முகவரியை இன்னைக்கு மூடறோம். வசந்தாக்காவுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன், திடீர்னு வானம் இருட்டிட்டா நல்லா இருக்காதுன்னு.

"மூடுங்க. திங்கக்கிழமை பிளாஸ்டர் வெட்றாங்க. வாக்கர் வெச்சுக்கிட்டு லேபுக்குப் போகணும், ஆறு வாரத்து வேலை கிடக்கு. இனிமே எனக்கு நேரம் எங்க?"

"ஜனவரி 10-க்கு வருவீங்கல்ல?"

"பாக்கலாம். நிஜ ஜனம் வந்தா எனக்குக் கோபப்படத் தெரியணுமே."

அந்த நோட்டை எனக்குக் கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க. ஜெராக்ஸ் எடுத்துக்கலாம்.

ஜன. 10, வெள்ளி

தெளிவான வானம், நல்ல காத்து. ஊர்ல எல்லா மொட்டை மாடியிலயும் ஆள். சாலையில மாஞ்சா கழுத்தை அறுக்கும்னு பயம், கழுத்துல துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு ஸ்கூட்டர் ஓட்டினேன்.

10 மணிக்குத் திறந்தோம். முதல் அரை மணி அறுபத்தெட்டு பேர். மாதவி மேடம் நகத்தைக் கடிச்சாங்க. மத்தியானம் ஆயிரத்து நூறு. பள்ளிக்கூடம் லீவு, 3 மணிக்கு ரெண்டாயிரத்து நானூறு. 41. 42. இவங்க யாரையும் நான் எழுதல.

பார்த்ததெல்லாம் எழுதி வைக்கிறேன்:
– அறுந்ததும் கெட்ட வார்த்தை. நாலு மொழியில.
– ஒருத்தர் ஒரு மணி நேரமா பட்டமே எழுப்பல, அரட்டையில கல்யாண வீட்டுச் சமையலைப் பத்தி மட்டும் பேசினார்.
– மேலே போறவங்க எத்தனை பேருன்னு எண்ணினேன். எழுபத்தி மூணு. என் இருநூறு ரொம்ப அதிகம்.
– வசந்தாக்கா லேப்லேருந்து மெசேஜ்: "வேலை. ஞாயித்துக்கிழமை."

4.20. வரைபடத்துல வடகிழக்கு மூலை மட்டும் ஏறுது. ஐநூறு பட்டம். எண்ணூறு. எல்லாரும் சண்டையை விட்டுட்டு அந்தப் பக்கம் போறாங்க. 45. 47. "பிழையா?"ன்னு ஃபணி எழுந்துட்டார். அரட்டையைத் தேடினேன். யாரோ ஒருத்தர் எழுதியிருக்கார், அந்த மூலையில மழை பெய்யுதுன்னு.

"நான் மழையே எழுதல! சத்தியமா!"

எனக்கும் தெரியும். காத்து எழுதியிருக்கோம், வெயில் எழுதியிருக்கோம். மழை கிடையாது. அங்கே போனவங்க இல்லைன்னு சொல்றாங்க, போகாதவங்க அதை நம்பாம பார்க்கக் கிளம்பறாங்க. ஆயிரத்து நூறு. 49. தாங்குது. மாதவி மேடம் திரையையே பார்த்துக்கிட்டு, "மழை எழுத எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டாங்க. ஃபணி கையில போன், பட்டம் மூலைப் பக்கம் திரும்பியாச்சு.

நானும் அந்தப் பக்கம் நூலை விட்டேன்.